முதுகில் சுமக்கும் கூரை: டென்ட்டா, தார்ப்பாயா, ஹாமக்கா?

எடை குறைந்த டென்ட் தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு எண்தான். 540 கிராம், 795 கிராம், 1.4 கிலோ என்று. பெரும்பாலானோர் அந்த எண்ணைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள், சுமக்கப்போவது நம் முதுகு என்பதால் அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த எண் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடும். அதில் என்னென்ன சேர்க்கப்படவில்லை என்பது ஒன்று. அந்தக் கூடாரத்தை எங்கெல்லாம் அடிக்க முடியாது என்பது இன்னொன்று. என் கணக்கில் இந்த இரண்டாவதுதான் பெரிது. அரைக் கிலோ கூடுதலாகச் சுமந்தால் மாலையில் தோள் வலிக்கும், அவ்வளவுதான். இருட்டப்போகிற நேரத்தில், கையில் இருக்கிற கூடாரத்துக்குத் தோதான தரை அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று தெரிந்தால் இன்னும் சில கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும், பெரும்பாலும் மழையில்.

முதலில் அந்த எண்ணையே கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். டென்ட் கம்பெனிகள் பொதுவாக இரண்டு எடைகளைப் போடும். பெரும்பாலும் வலையால் ஆன உள்கூடு, மழையைத் தடுக்கிற வெளித்துணி, கழிகள் மட்டும் சேர்ந்தது குறைந்தபட்ச எடை. முளை, கயிறு, உறை எல்லாம் சேர்ந்தது மொத்த எடை. பிக் ஆக்னஸ் கம்பெனியின் காப்பர் ஸ்பர் இருவர் டென்ட்டில் முதலாவது சுமார் 1.2 கிலோ, இரண்டாவது சுமார் 1.4 கிலோ, பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. முளை இல்லாமல் யாரும் டென்ட் அடிப்பதில்லை என்பதால் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும்.

நடைக்கம்பை ஊன்றி நிறுத்துகிற டென்ட்களில் இந்த விளையாட்டு இன்னும் கூடுதல். கம்பை எப்படியும் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறோம், அதனால் அதன் எடையைச் சேர்க்கவில்லை என்பது நியாயம். ஆனால் பல கம்பெனிகள் முளையையும் சேர்ப்பதில்லை, தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு நல்ல அலுமினிய முளை சுமார் 13 கிராம், எட்டு முளை என்றால் 100 கிராமுக்கு மேல் ஏறிவிடும். நடைக்கம்பே பயன்படுத்தாதவர் என்றால் ஊன்றுவதற்கென்று தனிக் கழி வாங்க வேண்டும், அந்த எடையும் சேரும்.

தார்ப்பாயில் இது உச்சத்துக்குப் போகும். 350 கிராம் தார்ப்பாய் என்றால் ஆஹா என்று இருக்கும். அப்புறம் பூச்சிக்கு ஒரு வலைக்கூடு 200 கிராம், தரைக்கு ஒரு விரிப்பு 50 கிராம், முளையும் கயிறும் 130 கிராம். கூட்டினால் 730. ஒரு நபருக்கான கம்பு டென்ட், முளையெல்லாம் சேர்த்து, 900 கிராமுக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் இந்த 170 கிராமுக்காகவா இவ்வளவு பாடு என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். 1990களில் எடை குறைந்த நடைப்பயணத்தைப் பரப்பிய ரே ஜார்டைன் போன்றவர்கள் டென்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தார்ப்பாய்க்கு மாறுங்கள் என்று எழுதியபோது அந்த வித்தியாசம் ஒன்றரை, இரண்டு கிலோவாக இருந்தது. அன்றைய வாதத்தை இன்றைய டென்ட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது.

தானே நிற்கும் டென்ட்

வளைந்த அலுமினியக் கழிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய், முளையே அடிக்காமல் நிற்கிற வகை. புதிதாக நடக்க ஆரம்பிப்பவர்களுக்கு எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. பாறை மேல், மரப்பலகை மேடை மேல், மணலில், உறைந்து இறுகிய தரையில் என்று முளை இறங்காத எல்லா இடத்திலும் நிற்கும். அடித்து முடித்த பிறகு கீழே ஒரு கல் உறுத்துகிறது என்றால் அப்படியே தூக்கி இரண்டு அடி தள்ளி வைக்கலாம். காலையில் தலைகீழாகப் பிடித்து உதறினால் மண்ணெல்லாம் கொட்டிவிடும்.

ஆனால் தானே நிற்கும் என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெளித்துணியின் முன்தாழ்வாரத்தை, அதாவது செருப்பும் பையும் வைக்கிற அந்த இடத்தை, முளை அடித்து இழுத்தால்தான் விரியும். காற்று வந்தால் நாலு மூலையையும் கட்டித்தான் ஆக வேண்டும், ஆளில்லாத டென்ட் உருண்டு பள்ளத்தில் விழுவது கேள்விப்படாத கதையும் அல்ல. எடையைக் குறைக்கிறேன் என்று ஒரு கழியை வெட்டிவிட்டு, கால்மாட்டு மூலைகள் இரண்டையும் முளையை நம்பி விடுகிற அரைகுறை வகையும் உண்டு. ஒரு கிலோ அளவில் கிடைக்கிற இருவர் டென்ட்களில் பல இந்த ரகம்தான். அதை வாங்கலாம், கெடுதல் இல்லை. முழுதாகத் தானே நிற்கும் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

எனக்கு இதில் பிடிக்காதது எடை இல்லை, அடிக்கும் வரிசை. பெரும்பாலானவற்றில் முதலில் உள்கூடு, அதன் மேல்தான் வெளித்துணி. கொட்டுகிற மழையில் வலையால் ஆன உள்கூட்டைத் தரையில் விரித்துக் கழியை மாட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நிமிடத்தில் தரைத்துணியில் தண்ணீர் தேங்கிவிடும். வெளித்துணியையும் அடிவிரிப்பையும் கழியையும் மட்டும் வைத்து முதலில் கூரையை எழுப்பி, பிறகு உள்ளே போய் உள்கூட்டை மாட்டுகிற வசதி சிலவற்றில் உண்டு. ஆனால் அதற்கு அந்த டென்ட்டுக்கென்றே தைத்த அடிவிரிப்பு வேண்டும், அது இன்னொரு 200 கிராம் வரை இழுக்கும்.

கழிகளைப் பொறுத்தவரை நல்ல டென்ட்களில் பெரும்பாலும் கொரியாவின் டிஏசி கம்பெனிக் கழிதான் இருக்கும், அது இருந்தால் ஒரு நிம்மதி. மடக்கினாலும் 45, 50 சென்டிமீட்டர் நீளம் நிற்கும் என்பதால் சின்னப் பையில் குறுக்கே வைக்க முடியாது, பக்கவாட்டில் செருகத்தான் வேண்டும். உடைந்தால் மேலே போட ஒரு சின்ன அலுமினியக் குழாய் கூடவே வரும். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பத்து கிராம் கூட இருக்காது.

நடைக்கம்பு டென்ட்: ஒரு சுவரா, இரு சுவரா

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இன்று எடை குறைவாகப் போக நினைப்பவர்களில் பாதிப்பேர் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஒற்றைச் சுவர் என்றால் கூரைக்கு ஒரே துணி, இரட்டைச் சுவர் என்றால் வெளித்துணிக்கு உள்ளே தனியாக ஒரு உள்கூடு. சிக்ஸ் மூன் டிசைன்ஸ் கம்பெனியின் லூனார் சோலோ ஒற்றைக் கம்பு, ஒற்றைச் சுவர், சுமார் 740 கிராம். டர்ஸ்டன் எக்ஸ்-மிட் ஒருவர் டென்ட் இரண்டு கம்பு, இரட்டைச் சுவர், சுமார் 795 கிராம். ஸீபேக்ஸ் டூப்ளெக்ஸ் இருவருக்கானது, ஒற்றைச் சுவர், டைனீமா என்ற மிக இலேசான துணி, சுமார் 540 கிராம். மூன்றுமே முளை சேர்க்காத எடை.

அடிப்பது கஷ்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எக்ஸ்-மிட் போன்றதில் நேராக ஒரு செவ்வகம், நாலு மூலைக்கும் நாலு முளை, பிறகு உள்ளே புகுந்து மூலைவிட்டமாக எதிரெதிரே இரண்டு கம்பை நிமிர்த்தி உயரத்தைக் கூட்டினால் துணி தானாக விறைத்துக்கொள்ளும். வெளித்துணிதான் முதலில் எழும், உள்கூடு பிறகு உலர்ந்தபடியே உள்ளே தொங்கும். மழைக்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது. மூலைகள் செங்கோணமாக அமையாத வடிவங்களில், ஆறு முளை, ஐங்கோணம் என்று வரும்போதுதான் ஒரு முளையைப் பிடுங்கி இன்னொன்றை மாற்றி என்று கொஞ்சம் பொறுமை தேவைப்படும்.

இதன் உண்மையான குறை வேறு. முளை பிடித்தால்தான் கூடாரம், இல்லையென்றால் வெறும் துணி. தானே நிற்கிற டென்ட்டில் காற்றில் ஒரு முளை கழன்றால் ஒரு பக்கம் படபடக்கும். இதில் காற்றை வாங்குகிற முக்கியமான முளை கழன்றால் மொத்தமும் முகத்தின் மேல் வந்து விழும். இறுகாத மணலில், சேற்றில், பாறை மேல் அடிக்க முடியாது என்றில்லை, வேலை கூடும். பாறையில் ஒரு வழி இருக்கிறது: மூலைக் கயிற்றை நீளமாக விட்டு, கைக்கு அடங்குகிற ஒரு சின்னக் கல்லில் சுற்றிக் கட்டி, அந்தக் கல்லுக்கு முன்னால், டென்ட் இருக்கிற பக்கமாக, கயிற்றின் மேலேயே, தூக்கக் கஷ்டமான ஒரு பெரிய கல்லை வைக்க வேண்டும். கயிறு இழுத்தால் சின்னக் கல் வந்து பெரிய கல்லில் முட்டி நிற்கும். சின்னக் கல்லை விட்டுவிட்டு நேராகப் பெரிய கல்லிலேயே கயிற்றைச் சுற்றினால் ராத்திரி முழுக்கத் துணி ஆடி ஆடிக் கயிறு கல் விளிம்பில் உரசி அறுந்துவிடும். நாலு மூலைக்கும் இப்படிச் செய்யக் கால் மணி நேரம் ஆகும், கல் கிடைத்தால்.

தரையில் பிடிக்கிற இடமும் பெரிது. உள்ளே ஒருவர் படுக்கிற அளவுதான் இருக்கும், வெளித்துணி சரிந்து இறங்குவதால் தரையில் இருவர் டென்ட்டுக்கான இடத்தைக் கேட்கும். அடர்ந்த காட்டில் மரங்களுக்கு நடுவே அவ்வளவு சமமான திட்டு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கி, பகலில் பையை விட்டுவிட்டு ஒரு சிகரத்துக்குப் போய்வரலாம் என்றால் நடைக்கம்பு டென்ட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். கம்பை எடுத்தால் கூடாரம் படுத்துவிடும்.

சரி, ஒரு சுவரா இரு சுவரா. இந்தச் சண்டை முழுக்க ஈரத்தைப் பற்றியது. காலையில் உள்பக்கம் துளித்துளியாகக் கோத்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் துணி ஒழுகுகிறது என்று புகார் சொல்பவர்கள் நிறைய. ஒழுகவில்லை. மேகமில்லாத இரவில் மெல்லிய கூரைத்துணி வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ந்த துணியில் காற்றின் ஈரம் படியும், வெளியிலும் உள்ளேயும். ஆளே படுக்காத தார்ப்பாயின் அடிப்பக்கமும் நனைவது இதனால்தான். நம் மூச்சும் வியர்வையும் அதற்கு மேல் கூடுதல். காற்றோட்டம் இருந்தால் குறையும், ஆனால் ஆற்றோரத்துப் புல்வெளியில், காற்று அசையாத இரவில் எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும் நனையும்.

இரட்டைச் சுவர் இந்த ஈரத்தைத் தடுப்பதில்லை. துளிகள் அப்போதும் வெளித்துணியில் கோக்கத்தான் செய்யும். நடுவில் ஒரு வலை இருப்பதால் நம் தோளும் தலையும் அதில் உரசாது. ஒற்றைச் சுவரில் படுத்திருப்பவரைக் காலையில் பார்த்தால் தெரியும், உறக்கப்பையின் கால்முனை சரிந்த துணியில் ராத்திரி முழுக்க அழுந்தியிருக்கும், அந்த ஒரு சாண் இடத்தில் இறகு கட்டி கட்டியாக ஒட்டி உப்பல் இறங்கிப் போயிருக்கும், தடவினால் இறகு இருந்த இடத்தில் இரண்டு மெல்லிய துணிதான் கைக்குத் தட்டுப்படும். ஒரு இரவு என்றால் மதியம் வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் தொடர்ந்து மேகமும் தூறலுமாக இருந்தால் ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிடக் குளிரும். அதனால் ஈரப்பதம் அதிகமான மலைகளில் நடப்பவர்களுக்கு நான் இரட்டைச் சுவரையே சொல்வேன், 200 கிராம் கூடினாலும். வறண்ட, காற்று வீசுகிற பகுதிகளில் ஒற்றைச் சுவர் தாராளம். கூடவே ஒரு சின்னத் துடைப்புத் துணி மறக்க வேண்டாம்.

உயரமானவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். 180 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் என்றால் தரை நீளம் 215, 220 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சுவர் எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்றும் பார்க்க வேண்டும். படுக்கைக்கு மேல் அரை அடி உயரத்திலேயே துணி வந்துவிட்டால் தரை எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

துணி விவகாரம்

மூன்று துணிகளைத் தெரிந்துவைத்தால் போதும். சில்நைலான் என்பது சிலிக்கான் ஏற்றிய நைலான். கிழிசலுக்கு நன்றாகத் தாங்கும், சின்னதாகச் சுருளும், ஆனால் நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாக அடித்த டென்ட் நடுராத்திரி மழையில் தொங்கிப்போய் முகத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும், எழுந்து போய்க் கயிற்றை இழுத்துவிட்டு வர வேண்டும். சில்பாலி என்பது அதே முறையில் பாலியஸ்டர். நனைந்தால் நைலான் அளவுக்குத் தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும், அதே எடையில் கிழிசல் வலு மட்டும் சற்றுக் குறைவு. ராத்திரி எழுந்திருக்கப் பிடிக்காத எனக்கு இது போதும்.

மூன்றாவது டைனீமா கலவைத் துணி. முன்பு கியூபன் ஃபைபர் என்ற பெயரில் பாய்மரப் படகுகளின் பாய்க்காக உருவானது. மிக வலுவான பாலித்தீன் இழைகளை இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே ஒட்டியிருப்பார்கள், நெசவே கிடையாது. டென்ட் கூரைக்கு வருகிற மெல்லிய ரகம் சதுர மீட்டருக்கு 18 முதல் 26 கிராம்தான். தண்ணீர் குடிக்காது, நீளாது, தையலை டேப் போட்டு ஒட்டிவிடலாம். கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் நீளாத துணி காற்றின் உதறலைத் தன்னிடம் வாங்கிக்கொள்ளாமல் அப்படியே முளைக்கும் தையலுக்கும் தள்ளிவிடும், அதனால் முளை நன்றாக இறங்கியிருக்க வேண்டும். முள்ளும் கல்லும் குத்தினால் எளிதில் துளைபடும், மடிப்பு மடிப்பாகப் பழசாகும், எடை குறைவாக இருந்தாலும் பையில் அடைக்கிற இடம் சில்நைலானைவிடக் கூடுதல். விலையோ மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒரே மூச்சில் நடக்கப்போகிறவருக்கு அது நியாயப்படலாம். வருஷத்துக்குச் சில வார இறுதிகள் போகிறவர் அந்தப் பணத்தில் நல்ல உறக்கப்பை வாங்கினால் எடையும் அதைவிட அதிகம் குறையும், தூக்கமும் வரும்.

டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அது, 10 என்றால் மிக மெல்லிசு, 30 என்றால் தடிப்பு. கூரைக்கு 15, 20 போதும். தரைக்கு 10, 15 வந்தால் கீழே ஒரு விரிப்பு போட்டுக்கொள்வது நல்லது. ஜன்னலில் குளிர் நுழையாமல் ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் படலம் 50 கிராமுக்குள் அந்த வேலையைச் செய்துவிடும்.

தார்ப்பாய், பிவி

எம்மா கேட்வுட் என்ற பெண்மணி 1955இல், தன் 67ஆவது வயதில், அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். மழைக்கு அவரிடம் இருந்தது குளியலறைத் திரை ஒன்று. இதை அடிக்கடி மேற்கோள் காட்டி, பார்த்தீர்களா, டென்ட்டே தேவையில்லை என்பார்கள். அந்தப் பாதையில் இரவு ஒதுங்கக் கட்டிய குடில்கள் அங்கங்கே இருந்தன, வழியில் வீடுகளில் இடம் கேட்டும் தங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தார்ப்பாயை நான் குறை சொல்ல வரவில்லை. தெளிவான வானத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுப் படுத்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. மழை வலுத்தால் முகட்டைத் தாழ்த்தி இரண்டு பக்கமும் தரையோடு ஒட்டலாம். காற்று ஒரே திசையில் வந்தால் பின்பக்கத்தைத் தரையில் அடித்து முன்பக்கம் ஒரு கம்பில் தூக்கலாம். நீளம் 3 மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர் என்றால் ஒருவருக்குத் தாராளம். ஆனால் இத்தனையும் கைப்பழக்கம். காற்று ராத்திரி எந்தப் பக்கம் திரும்பும், மழைநீர் எந்த வழியாக ஓடி வரும் என்று இடத்தைப் பார்த்ததும் சொல்லத் தெரிய வேண்டும், ஏனென்றால் கீழே தொட்டி மாதிரித் தரைத்துணி கிடையாது. தேர்ந்த கைக்கு அது சுதந்திரம், புதிய கைக்கு நனைந்த உறக்கப்பை. கொசுவும் உண்ணியும் உள்ள காலத்தில் வலைக்கூடு சேர்ந்துவிடும், எடைக் கணக்கு மேலே சொன்ன இடத்துக்கு வந்துவிடும். முதல் கூடாரமாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டென்ட் வைத்திருப்பவர், அடுத்த கோடையில் ஆசைக்கு ஒன்று வாங்கிப் பழகலாம்.

தார்ப்பாய் வகையிலேயே பிரமிடு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியது. நடுவில் ஒரே கம்பு, நாலு பக்கமும் சரிவு, தரை கிடையாது. எந்தத் திசைக் காற்றையும் ஓரளவு சமமாக வாங்கும், பனியைச் சரித்துத் தள்ளிவிடும், பனியில் என்றால் உள்ளே கால் வைக்கக் குழிகூட வெட்டிக்கொள்ளலாம். இருவர், மூவராகக் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு எடையைப் பகிர்ந்தால் தலைக்கு 300, 400 கிராம்தான் வரும். நடுக்கம்பு படுக்கையைப் பிரிப்பது மட்டும் தொல்லை.

பிவி என்பது உறக்கப்பைக்கு மேல் போடுகிற நீர்புகா உறை. மலை ஏறுகிறவர்கள் ஒரு பாறை விளிம்பில் இரவைக் கழிக்கக் கண்டுபிடித்தது, அதற்கு அது சரி. நடைப்பயணத்துக்கு அதை மட்டும் நம்பிப் போவது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. உள்ளே உட்கார முடியாது, உடை மாற்ற முடியாது, பை வெளியே நனையும், மூச்சு ஈரம் முழுக்க உள்ளேயே தங்கும். முழு நீர்புகா வகைகளில் பலவற்றின் எடையும் அரைக் கிலோவைத் தாண்டும்.

ஹாமக்

இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணித் தூளி, இது வேறு உலகம். மரம் இருந்தால் போதும், தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. சரிவு, வேர்முடிச்சு, கூழாங்கல், சேறு எல்லாம் கீழே கிடக்கட்டும், நாம் மேலே தொங்குவோம். சமதரையே கிடைக்காத அடர்காட்டில் டென்ட்காரர்கள் இடம் தேடி அலையும்போது ஹாமக்காரர் எப்போதோ படுத்திருப்பார். முதுகுவலிக்காரர்கள் சிலர் தரைக்கே திரும்ப மாட்டேன் என்கிறார்கள்.

எடையைக் கேட்டால்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வெறும் ஹாமக் 300 கிராம். அதற்குக் கட்டுப்பட்டை, கொசுவலை, மேலே தார்ப்பாய், அப்புறம் கீழ்ப்போர்வை. இந்தக் கடைசிப் பொருளைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். உறக்கப்பையின் அடிப்பக்கம் உடம்பு எடையில் நசுங்கிவிடும், அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், கோடையிலும் பின்னிரவில் முதுகு சில்லிட்டு எழுப்பிவிடும். அதனால் ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்குகிற மாதிரி ஒரு போர்வை வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் வரும். தரையில் படுப்பவருக்கு வேண்டிய பாய் இதில் மிச்சம் என்பதைக் கழித்துக்கொள்ளலாம், அப்படியும் கம்பு டென்ட்டைவிட இலேசு என்று சொல்ல முடியாது.

கட்டுவதில் ஒரே ஒரு விதி: பட்டை கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சரிந்து இறங்க வேண்டும். 70 கிலோ ஆள் படுத்தால் அந்தக் கோணத்தில் ஒவ்வொரு பக்கத்துப் பட்டையிலும் அதே 70 கிலோ இழுவைதான் வரும். இழுத்து விறைப்பாகக் கட்டுகிறேன் என்று 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கத்துக்கு 200 கிலோ. மரமோ கயிறோ ஏதோ ஒன்று பதில் சொல்லும். தொய்வாகக் கட்டிவிட்டு, நேராகப் படுக்காமல் சற்று மூலைவாட்டமாகப் படுத்தால் முதுகு கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், வாழைப்பழம் போல வளையாது. கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் மரப்பட்டையை அறுக்கும் என்பதால் குறைந்தது இரண்டு விரல் அகல நாடா வேண்டும், மரத்தில் எதையும் கட்டக்கூடாது என்று தடை உள்ள காப்பகங்களும் உண்டு. கட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்ப்பது அவசியம், காய்ந்த கிளை மேலே தொங்கினால் அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். மரங்கள் வளராத உயரத்துக்கு, அதாவது மரக்கோட்டுக்கு மேலே, போகிற பயணம் என்றால் ஹாமக் பேச்சே இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது

நான் கேட்கிற முதல் கேள்வி, போகப்போகிற இடத்தில் ராத்திரி எந்த மாதிரித் தரையில் படுப்பீர்கள் என்பது. பாதிக்கு மேல் பாறையும் மரமேடையும் என்றால் தானே நிற்கும் டென்ட், எடையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடர்காடு, சரிவு என்றால் ஹாமக். புல்வெளி, மண்தரை, முளை இறங்குகிற சாதாரண மலைப்பாதை என்றால், நடைக்கம்பு வைத்து நடப்பவராகவும் இருந்தால், சில்பாலித் துணியில் இரட்டைச் சுவர் கம்பு டென்ட். யோசிக்கவே வேண்டியதில்லை என்றுகூடச் சொல்வேன், பெரும்பாலானவர்கள் இந்த மூன்றாவது ரகம்தான். தனியாகப் போகிறவர் கொஞ்சம் தாராளமாகப் படுக்க ஆசைப்பட்டால் இருவர் அளவை வாங்குவதில் தப்பில்லை, 200 கிராம் வரை கூடும்.

இருவராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருவர் டென்ட் என்றால் தரை அகலம் பெரும்பாலும் 125 முதல் 132 சென்டிமீட்டர். 63 சென்டிமீட்டர் அகலப் பாய் இரண்டு போட்டால் விரல் நுழைய இடம் இருக்காது, 51 சென்டிமீட்டர் பாய் என்றால் மூச்சு விடலாம். கால்மாட்டில் குறுகுகிற வடிவமா என்பதையும் பாருங்கள், தலைமாட்டு அளவை மட்டும் போட்டிருப்பார்கள். இருவருக்கும் தனித்தனிக் கதவு இருக்கிற டென்ட் நட்பைக் காப்பாற்றும்.

காற்று அதிகம் உள்ள திறந்த மேடுகளில் எந்த வகையானாலும் வடிவத்தைவிட அடிக்கிற விதம்தான் காப்பாற்றும். குறுகிய பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, முளையைக் கயிறு இழுக்கிற திசைக்கு எதிர்ப்பக்கம் தலை சாய அடித்து, கயிறுகள் எல்லாவற்றையும் கட்ட வேண்டும், வானம் தெளிவாக இருந்தாலும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளத்தின் அடியைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். பக்கத்துச் சரிவில் கொஞ்சம் மேலே ஏறி, மரத்தடியில் படுத்தால் குளிரும் குறையும், துணி நனைவதும் குறையும்.

வாங்கிய பிறகு, தையல்களுக்குப் பசை பூசியிருக்கிறார்களா என்று முதல் வேலையாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கான் ஏற்றிய துணியில் டேப் ஒட்டாது, சிலிக்கான் பசையைத்தான் தூரிகையில் தொட்டுத் தடவ வேண்டும், அதை வாங்குகிறவர் தலையில் கட்டுகிற கம்பெனிகள் உண்டு. கூடவே வருகிற மெல்லிய முளைகளில் காற்றை வாங்குகிற மூலைகளுக்கு மட்டுமாவது மூன்று இறக்கை உள்ள அலுமினிய முளையாக மாற்றிக்கொள்ளலாம், 30 கிராம் கூடினாலும் நிம்மதி. திரும்பி வந்ததும் ஈரத்தோடு உறையில் திணித்து வைக்காமல் இரண்டு நாள் நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். பாலியூரித்தேன் பூச்சு உள்ள தரைத்துணி ஈரத்தில் கிடந்தால் அந்தப் பூச்சு மெல்லச் சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கும், புளித்த வாடை அடிக்கும். அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் திரும்பச் சரிசெய்வது கடினம்.